மூன்றாம் மாடிக்கு வந்த வெந்நீர்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக்குச் சூரிய வெந்நீர்த் தொட்டி வந்ததற்கு அரசாங்கத் திட்டம்தான் காரணம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். மானியம் வந்ததும், வீட்டு வசதி வாரியம் சம்மதித்ததும் உண்மைதான். ஆனால் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நாயாய் அலைந்தவன் நான். பூமி சூடாகிறது, புகையைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்கு ஒரு எழவும் தெரியாது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வரவேண்டும். அதற்கு வெந்நீர் வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நல்லூர்ப் பக்கம் வாரியம் கட்டிய தொகுப்பு வீடுகளில் எங்களுடையது மூன்றாம் மாடி. அங்கே குடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்காக விரித்த துணியில் ஒருமுறை கத்தி இறங்கிவிட்டால் இறங்கியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அதனால் வேலை நேரத்தில் பக்கத்தில் எவன் வாயைத் திறந்தாலும் எரிந்து விழுவேன். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "உங்க கத்தியக் கம்பெனியிலயே வெச்சுட்டு வாங்க" என்பாள் என் மனைவி. என்னிடம் அப்படிப் பேச அவள் ஒருத்திக்குத்தான் தைரியம் இருந்தது.

அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பச்சிலை மருந்து, ஆஸ்பத்திரி என்று மாற்றி மாற்றி ஓடிப் பார்த்தோம். கடைசியில் முன்னறையில் ஜன்னலோரம் பாய் போட்டுப் படுத்திருந்தாள். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டே போகும் என்று சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல பையன். தாய்க்கு வருடத் திதி வருவதற்கு முன்பே மகளுக்குத் தாலி ஏறிவிட்டது.

ஒரே வருடத்தில் இரண்டு பேரும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தம் இருக்காது. சோறு வடிப்பேன், டி.வி.யைப் போடுவேன், அதில் யாரோ சிரிப்பார்கள், அணைத்துவிடுவேன். மகளை நினைத்து ஏங்கிப் போனேன். அதை அப்போது வெளியே சொன்னதில்லை. கட்டிங் மாஸ்டருக்குக் கண் கலங்குகிறது என்று தெரிந்தால் டேபிளைச் சுற்றி நிற்கிற பயல்கள் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று மாப்பிள்ளை போன் செய்தபோது, சந்தோஷப்படுவதற்கு முன்பே என் மனசு வேறொன்றைப் போட்டுப் பார்த்துவிட்டது. கட்டுச்சோறு விருந்து வைத்துப் பெண்ணை அழைத்து வரவேண்டும். பிரசவம் இங்கே. அதன் பிறகும் குழந்தைக்குத் தலை நிற்கிற வரைக்கும் இங்கேதான். அத்தனை நாள் என் வீட்டில் விளக்கு எரியும், பேச்சுக் குரல் கேட்கும். அன்று இரவு பக்கத்துக் கடையில் இனிப்பு வாங்கி வந்து நான் ஒருவனே சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குப் போனேன். சம்பந்தியம்மா காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா, சொல்றனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. பெத்த ஒடம்புக்கு ரெண்டு வேளையும் நல்லாச் சூடாத் தண்ணி ஊத்தோணும். கொழந்தைக்கும் வேணும். உங்க ஊடு மூணாவது மாடி, வெறகடுப்பு வெக்க முடியாது. ஊத்தி உடறதுக்கு ஒரு பொம்பள கூட இல்லீங்களே. புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க."

அவர்கள் வீட்டுக் கொல்லையில் தென்னை மட்டையும் பன்னாடையும் எரிந்து, ஒரு அண்டா நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சுடுதண்ணிக்கு நான் வழி பண்றேனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த அம்மாவை மனசுக்குள் கரித்துக் கொட்டினேன். நாலு தென்னை மரம் இருந்தால் என் மகளை என்னிடமிருந்து பிடித்து வைத்துக்கொள்ளலாமா? காற்றாலைகள் ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைக்கூடத் திட்டினேன்.

வழி பண்ணுகிறேன் என்று சொன்னது சுலபமாக இருந்தது. எங்கள் குடியிருப்பில் வெந்நீர் என்பது பெரும்பாடு. கீழ்த்தளத்துக்காரர்கள் முற்றத்தில் தகர அடுப்பு வைத்து, நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்களையும் பனியன் வேஸ்ட்டையும் எரித்துக் காய வைப்பார்கள். அந்தக் கரும்புகை மூன்று மாடிக்கும் ஏறி வந்து காய்கிற துணியிலெல்லாம் படியும். மேலே இருக்கிற எங்களுக்கு அதுவும் கிடையாது. ரேஷன் மண்ணெண்ணெய் சமையலுக்கே போதாது. கரண்டில் காய வைக்கலாம் என்றால் அது எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்ட் ஆபீஸ்காரனுக்கே தெரியாத காலம் அது.

அப்போதுதான் வேறொரு குடியிருப்பில் வெயிலில் தண்ணீர் காய வைக்கும் தொட்டி போட்டிருக்கிறார்கள், அதற்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று கம்பெனியில் ஒருவர் சொன்னார். மறுநாளே லீவு போட்டேன். ஒவ்வொரு ஆபீஸிலும் அடுத்த ஆபீஸைக் கை காட்டினார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு எல்லா மேஜைக்கு முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பணிவாக நான் இருந்ததில்லை.

குடியிருப்பு முழுவதும் சம்மதித்தால்தான் போடுவார்கள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் எல்லோரையும் கூட்டினேன். துணி காயப் போடும் கயிறெல்லாம் எங்கே கட்டுவது என்று பெண்கள் கேட்டார்கள். அது தீர்ந்ததும் ஆண்கள் ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றரை ஷிப்ட். இரவு சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வீடு வந்து சேர்வார்கள். வந்தவுடன் உடம்பில் ஒட்டிய பஞ்சு போகக் குளித்தாக வேண்டும். எல்லோரும் ராத்திரியே திறந்துவிட்டால் தொட்டி காலியாகிவிடும், விடிந்தால் ஒரு சொட்டு இருக்காது, பிறகு எதற்கு இந்த வேலை என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

"என்ற பொண்ணு பிரசவத்துக்கு வரோணுமுங்க" என்று சொன்னேன். "சுடுதண்ணி இல்லீன்னு அனுப்ப மாட்டேங்கறாங்க. காலைல அவளுக்கு மட்டும் கொஞ்சம் உட்டு வெச்சீங்கன்னாப் போதுமுங்க."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. எப்போதும் எரிந்து விழுகிற ஆள் இப்படிக் கேட்டதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இரண்டாம் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டிலேயே ஓவர்லாக் மிஷின் வைத்துத் தைத்துக் கொடுப்பவள். அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்து, வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நீங்க மகளக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. தண்ணி நான் ஊத்துதேன். பிள்ள பெத்தவளுக்கு எப்படி ஊத்தணும்னு எங்க அம்மை எனக்குச் சொல்லித் தந்துருக்கா. ராத்திரி எவன் ஒரு வாளிக்கு மேல பிடிக்கான்னு நானும் பாக்கேன்."

எல்லோரும் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து பிட்டரும் ஆட்களும் வந்தார்கள். கண்ணாடிக் குழாய்களைக் குழந்தையைத் தூக்குவது போல ஒவ்வொன்றாகப் படியில் ஏற்றினார்கள். தெற்குப் பார்த்துச் சாய்த்து நிறுத்தி, மேலே தொட்டியைப் பொருத்தி, ஒவ்வொரு வீட்டுக் குளியலறைக்கும் லைன் இழுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக் குழாயைத் திறந்தேன். முதலில் பச்சைத் தண்ணீர் வந்தது, பிறகு வெதுவெதுப்பு, பிறகு கை வைக்க முடியவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். குழாய்களுக்கு மேல் சுற்றும் பஞ்சு உறை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று பிட்டர் போயிருந்தார். குழாய் வெறுமனே கிடந்தால் சூடு வீணாகுமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பனியன் ஊரில் துணிக்கா பஞ்சம்? கம்பெனியில் ரிஜெக்ட் ஆன, கழுத்துப் பட்டிக்குத் தைக்கும் மெரூன் ரிப் துணி ஒரு ரோல் கேட்டு வாங்கி வந்தேன். குழாயின் சுற்றளவு எடுத்து வெட்டினேன். இரண்டாம் மாடிக்காரி ஓவர்லாக்கில் நீளமாகத் தைத்துக் கொடுத்தாள். மழைக்கு நனையாமல் இருக்க உள்ளே பேக்கிங் செக்‌ஷன் பாலிதீனையும் சுற்றினோம். அளவு கச்சிதம், ஒரு சுருக்கம் கிடையாது.

தொட்டிக்கு மேலே ஒரு குழாய் மட்டும் எதோடும் சேராமல், வாயைத் திறந்துகொண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பிட்டர் மறந்துவிட்டார் என்றே இருவரும் நினைத்தோம். திறந்த விளிம்பை அப்படியே விடுவது எங்கள் தொழிலில் ஆகாது, செக்கிங்கில் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதற்கும் பாலிதீனைக் கவிழ்த்து, தொப்பி மாதிரி ஒன்று தைத்து, இறுக்கி மாட்டினோம். "இப்பத்தான் அண்ணாச்சி பினிஷிங் வந்துருக்கு" என்றாள் அவள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் சம்பந்தியம்மா வீட்டைப் பார்க்க வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ஒரு மூட்டைத் தேங்காயோடு மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். வெள்ளையடித்த சுவரையும், மகளுக்காக வாங்கிப் போட்ட கட்டிலையும் காட்டினேன். முன்னறையில் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு குளியலறைக்கு அழைத்துப் போய், ஜவுளிக்கடைக்காரன் புடவையை விரிப்பது போலக் குழாயைத் திறந்தேன். குழாய் இருமியது. 'புஸ்' என்று காற்று வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன், இன்னும் கொஞ்சம் இருமியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"பரவால்லீங்ணா, உடுங்க" என்றார் அவர். கேலியாகச் சொன்னது போலத் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் கிளம்பிப் போன பிறகுதான் பிட்டர் வந்தார். மாடிக்குப் போனவர், மெரூன் தொப்பியைப் பார்த்து உட்கார்ந்து சிரித்தார். "சார், இது காத்து போய்வர்ற குழாய். இதை அடைச்சீங்கன்னா லைன்ல காத்து சிக்கி, தண்ணி எப்படி சார் எறங்கும்? ஸ்வெட்டரே மாட்டி உட்டிருக்கீங்களே!" தொப்பியைக் கழற்றியதும் குழாய் பழையபடி கொட்ட ஆரம்பித்தது. மற்ற உறைகளை மட்டும் அவர் கழற்றச் சொல்லவில்லை. அவர் கொண்டு வரவேண்டிய பஞ்சு உறை கடைசி வரை வரவுமில்லை.

அன்றே உடுமலைக்குப் போன் செய்தேன். தண்ணீர் வருகிறது, கொதிக்கக் கொதிக்க வருகிறது என்று சொன்னேன். "ரொம்ப சந்தோஷமுங்ணா. கட்டுச்சோத்துக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா.

புளிச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு என்று எல்லாம் கட்டி, வேன் பிடித்து, குடியிருப்புப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாம் மாடிக்காரிதான் முன்னால் உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டு வந்தாள். மகளுக்கு வளையல் போட்டார்கள். என் பெண் நிறைமாதத்தில் அப்படியே அவள் அம்மாவின் ஜாடையாக இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பாடு முடிந்து, கிளம்பலாமா கண்ணு என்று கேட்கிற நேரத்தில் சம்பந்தியம்மா குறுக்கே வந்தார்.

"டாக்டரு இங்க பக்கத்துலயே இருக்கறாங்கண்ணா. இந்த நெலமைல வண்டீல அலைய வேண்டாமுங்க."

மகள் புது வளையல்களைத் திருகிக்கொண்டு நின்றாள். வந்த பாத்திரங்களை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எல்லாவற்றிலும் தேங்காயைப் போட்டு நிரப்பிக் கொடுத்தார்கள். மகளைக் கூட்டி வரப் போனவன் தேங்காயோடு திரும்பி வந்தேன். வேனில் வழியெல்லாம் தேங்காய்கள்தான் அண்டாவுக்குள் உருண்டுகொண்டிருந்தன.

பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குடியிருப்பில் எல்லோரும் சொன்னபடி நடந்தார்கள், ராத்திரி ஒரு வாளிக்கு மேல் பிடிப்பதில்லை. விடிகாலையில் தொட்டியில் மிச்சமிருந்தது. யாருக்காக மிச்சம் வைத்தார்களோ அவள் வரவில்லை. காலையில் குழாயடியில் நிற்கும்போது, இந்நேரம் அவள் இங்கே இருந்திருப்பாளே என்று தோன்றும். சம்பந்தியம்மா மேல் இருந்த ஆத்திரம் மட்டும் சூடு ஆறவே இல்லை.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு எங்கள் ஊர் ராயபுரத்தில் அவர்களுக்கு ஒரு கல்யாணம் வந்தது. சம்பந்தியம்மா மகளையும் குழந்தையையும் என் வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று போனார். இரண்டாம் மாடிக்காரி எண்ணெயும் சீயக்காயுமாக ஏறி வந்துவிட்டாள். சொன்ன சொல் காப்பாற்ற வேண்டுமாம். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழுந்தது. "சூடு போதுமா தாயி?" என்று அவள் கேட்பதும், "போதுங்க்கா" என்று மகள் சொல்வதும் கேட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். இரண்டாம் மாடிக்காரி இறங்கிப் போய்விட்டாள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், எனக்கு எங்கே முடியும்.

"இவ்வளவு சுடுதண்ணிய வெச்சுக்கிட்டு உன்னைய அனுப்ப மாட்டேன்னுட்டாங்களே கண்ணு. உன்ற மாமியாளுக்கு அப்படி என்ன..."

"அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்கப்பா" என்றாள். "அவுங்க அனுப்பத்தான் இருந்தாங்க. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"உங்ககிட்ட நேரா எப்புடிங்கப்பா சொல்றது? வரமாட்டேன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்க. அதான் சுடுதண்ணி இல்ல, ஆளில்லன்னு சொல்லுங்கத்தைன்னு கேட்டுக்கிட்டேன். நீங்க சுடுதண்ணியவே கொண்டாந்துட்டீங்க. அப்பறம் டாக்டர்னு சொன்னாங்க." தலைத் துண்டை இறுக்கிக்கொண்டாள். "உள்ள வந்தாவே அந்த ஜன்னலோரத்தத்தான் பாக்கறேன். அம்மா அங்கயே படுத்திருக்கற மாதிரியே இருக்குது. வயித்துப் புள்ளையோட இங்க இருக்க எனக்குப் பயமா இருந்துச்சுங்கப்பா. இப்பவும் முடியல."

என் மகள் மேல் வரவேண்டிய பழியை அந்த அம்மா அத்தனை மாதமும் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரைத்தான் நான் பஸ் பஸ்ஸாகத் திட்டியிருக்கிறேன்.

மகள் அழுதுகொண்டே கேட்டாள். "உங்களுக்கு மட்டும் எப்புடிங்கப்பா இங்க இருக்க முடியுது?"

"நான் அங்கதான் கண்ணு பாய் போட்டுப் படுக்கறேன்" என்றேன். "அங்க படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குழந்தை சிணுங்கியது, வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சம்பந்தியம்மா வந்தபோது நானே எழுந்து போய் நாற்காலியை எடுத்துப் போட்டேன். "தண்ணி நல்லா வந்துச்சுங்களாண்ணா?" என்று கேட்டார். "வந்துச்சுங்க" என்றேன். அவருக்குக் காபி போடப் போனேன். கிளம்பும்போது மகள், "நீங்க அங்க வந்து இருங்கப்பா" என்றாள். வருகிறேன் என்று சொன்னேன். வரமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். காலையில் வருவாள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். இருந்துவிட்டுப் போ கண்ணு என்று நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் கீழே ஆட்டோ வரைக்கும் கூடவே போவேன், கேட்டுவிடலாம் போல இருக்கும், குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு ஏறி வந்துவிடுவேன்.